சவரக்கத்தியில் தானே சவரம் செய்யப் பழகுவது எப்படி?

கேள்வி இதுதான்: இத்தனை காலம் மூன்று பிளேடு கார்ட்ரிட்ஜில் ஷேவ் செய்தவர், மடக்குகிற பழைய மாதிரிச் சவரக்கத்திக்கு மாற நினைக்கிறார். எதை வாங்குவது, எப்படிப் பிடிப்பது, முகத்தைக் கிழித்துக்கொள்ளாமல் பழக எவ்வளவு நாளாகும்?

நாள் கணக்கை முதலில் சொல்லிவிடுகிறேன். இரண்டு கன்னமும் ஒழுங்காக வர ஒரு வாரம், பத்து நாள். முகம் முழுவதும் ஓரளவு வர ஒரு மாதம். யோசிக்காமல் கை தானாகப் போக மூன்று மாதம் ஆகும். இடையில் விட்டுவிடுகிறவர்கள் நிறையப் பேர். அவர்களில் கை நடுங்கி விட்டவர்கள் குறைவு, மொண்ணைக் கத்தியோடு மல்லுக்கட்டி அலுத்துப்போனவர்களே அதிகம். கத்தியில் பதம் இல்லையென்றால் முடி வெட்டுப்படாது. வெட்டுப்படவில்லையே என்று அழுத்துவீர்கள். அழுத்தினால் தோல் போகும். பார்ப்பவர்கள் "கத்தி ரொம்பக் கூரு, அதான் கிழிச்சிடுச்சு" என்பார்கள். உண்மை நேர் எதிர். அதனால் இந்தப் பதிலில் பாதி கத்தியின் பதத்தைப் பற்றித்தான் இருக்கும்.

சலூனில் பார்ப்பது வேறு

நம் ஊர்ச் சலூன்களில் இன்று கையில் எடுப்பது பெரும்பாலும் நிஜச் சவரக்கத்தி அல்ல. புது பிளேடை உறையோடு நீளவாக்கில் மடித்து 'டக்'கென்று இரண்டாக ஒடித்து, ஒரு பாதியைப் பிடிக்குள் செருகுகிறாரே, அதன் பெயர் ஷேவெட். ஒருவர் முகத்தைத் தொட்ட அலகு அடுத்தவர் முகத்துக்குப் போகக்கூடாது என்பதற்காக வந்த ஏற்பாடு அது. ஹெபடைட்டிஸ் பி, சி, ஹெச்.ஐ.வி எல்லாமே ரத்தத்தின் வழியே பரவக்கூடியவை. ஆளுக்கு ஆள் புது பிளேடு போட்டால் அந்தக் கவலை இல்லை. வீட்டில் ஒருவரே வைத்துக்கொள்ளும் கத்திக்கும் அந்தக் கவலை இல்லை. ஆனால் அப்பாவோ தம்பியோ கேட்டால்கூடக் கொடுக்காதீர்கள்.

"ஷேவெட்டில் பழகிவிட்டுப் பிறகு கத்திக்குப் போகலாமா?" என்று பலர் கேட்பதுண்டு. போகலாம். செலவு சில நூறு ரூபாய்தான், சாணை வேண்டாம், கத்தியைத் தீட்டும் தோல்வார் வேண்டாம். ஆனால் புதிதாகப் பழகுகிறவரை ஷேவெட் மன்னிக்காது. எடை இல்லாததால் கை தானாக அழுத்தத் தேடும். ஒடித்த பிளேடின் இரண்டு மூலையும் ஊசி போல இருக்கும். கொஞ்சம் கோணலாகச் செருகியிருந்தாலும் ஒரு மூலை வெளியே துருத்தி நின்று கோடு போடும். தோலில் தீட்டிய நல்ல கத்தியின் வாய் அதைவிட இதமாகப் போகும். நமக்கு இது சரிப்படுமா என்று ஒரு மாதம் பார்க்க நினைப்பவருக்கு ஷேவெட் சரி. கத்திதான் என்று முடிவு செய்துவிட்டவர் நேராகக் கத்திக்கே வரலாம்.

என்ன வாங்குவது

கத்தியின் உறுப்புகளைத் தெரிந்துகொண்டால் பேச வசதி. வெட்டுகிற இரும்பு அலகு. அதன் தடித்த மேற்பக்கம் முதுகு, கூரான பக்கம் வாய். பிடியிலிருந்து தள்ளி நிற்கும் முனை நுனி, பிடியை ஒட்டியது குதி. குதிக்குப் பின்னால் விரல் வைக்கும் மொத்தையான பகுதி தண்டு, அதன் கடைசியில் வளைந்து நீளுவது வால். அலகை மூடிக்கொள்ளும் இரண்டு தகடுகள் பிடி, இரண்டையும் சேர்ப்பது ஆணி.

முதுகிலிருந்து வாய் வரை உள்ள அகலத்தை அங்குலத்தில் எட்டில் ஒரு பங்காகச் சொல்வது வழக்கம். 4/8 முதல் 8/8 வரை கிடைக்கும். முதல் கத்திக்கு 5/8 போதும், அதாவது ஏறக்குறைய 16 மில்லிமீட்டர். 6/8 கூடப் பரவாயில்லை. 4/8 வாங்கினால் இரண்டு இழுப்பில் நுரை நிரம்பி வழியும். 8/8 வாங்கினால் மூக்குக்குக் கீழே திருப்ப இடம் போதாது.

நுனி உருண்டையாக இருப்பதைத்தான் எடுக்க வேண்டும். சதுர நுனி கிருதா ஓரத்தையும் மீசை ஓரத்தையும் கோடு போட்டது போல வெட்டித் தரும், அதே சுலபத்தில் காது மடலையும் வெட்டும். ஒரு வருடம் கழித்து ஆசைப்பட்டு வாங்கிக்கொள்ளலாம்.

அலகின் இரண்டு பக்கமும் உள்வாங்கிக் கடைந்திருப்பார்கள். முழுக்கக் கடைந்தது காகிதம் போல மெல்லியது. முடியை வெட்டும்போது 'சர்ர்' என்று பாடும், கையில் அதிர்வு தெரியும். கடையாமல் ஆப்பு வடிவில் விட்டது கனமானது, சத்தமில்லாதது, முரட்டுத் தாடிக்கு நல்லது, தீட்டுவது சிரமம். புதிதாகப் பழகுகிறவர் முழுக்கவோ பாதியோ கடைந்ததை எடுக்கலாம். சத்தமே பாதிப் பாடம் சொல்லிக்கொடுக்கும்.

இரும்பு இரண்டு வகை. கார்பன் எஃகு சுலபமாகப் பதம் ஏறும், அதே சுலபத்தில் துருவும் ஏறும். துருப்பிடிக்காத எஃகு தீட்டக் கொஞ்சம் நேரம் கேட்கும். சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி மாதிரி உப்புக்காற்று அடிக்கும் ஊரில் இருந்து, சோம்பலும் சேர்ந்தவரென்றால் இரண்டாவதே நல்லது.

எங்கே செய்தது என்பதும் முக்கியம். ஜெர்மனியின் சோலிங்கன், பிரான்சின் தியேர், இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் மூன்றும் இந்தத் தொழிலின் பழைய ஊர்கள். சோலிங்கன் என்ற பெயரை ஜெர்மன் சட்டம் 1938 முதல் காத்து வருகிறது. அந்த ஊர்க் கத்திப் பட்டறைகள்தான் அதைப் பொறிக்கலாம். அதற்காகப் போலி வராது என்று இல்லை. ஐந்நூறு ரூபாய்க்கு 'டமாஸ்கஸ்' வரிவரியாக மின்னும் கத்தி ஆன்லைனில் வந்தால் காகிதம் கிழிக்க வைத்துக்கொள்ளலாம். முதுகு ஒரு பக்கம் தடித்து, ஒரு பக்கம் ஒடுங்கி, அலகு வளைந்து இருக்கும் அவற்றைச் சாணைக்கல்லில் சமமாக வைக்கவே முடியாது. வைக்க முடியாததில் பதம் ஏற்றவும் முடியாது.

தாத்தா பெட்டியில் கிடந்த பழைய கத்தியா? நல்ல இரும்பாகவே இருக்கலாம். வெளிச்சத்தில் நான்கு விஷயம் பாருங்கள். வாயில் பல் பல்லாக உடைசலோ, நகக்கீற்று மாதிரி விரிசலோ உண்டா? துரு மேலோட்டமா, வாய்வரை குழி விழுந்ததா? முதுகு நெடுக ஒரே அளவில் தேய்ந்திருக்கிறதா? வாயை மேசைமேல் மெல்லத் தொடவைத்தால் நடுவில் சந்து தெரிகிறதா? நடு உள்வாங்கியது ஆகாது, நடு வெளியே வளைந்து சிரிப்பது போல இருந்தால் பரவாயில்லை. பிடி செல்லுலாய்டாக (பழைய வகைப் பிளாஸ்டிக்) இருந்து கற்பூரம் போலவும் புளிப்பாகவும் வாடை அடித்தால், அது சிதைந்துகொண்டே அலகையும் துருப்பிடிக்க வைக்கும், மாற்றிவிட வேண்டும். தந்தப் பிடி போட்டதை இந்தியாவில் வாங்குவதும் விற்பதும் சட்டப்படி குற்றம். பழைய கத்தியைக் கொதிநீரில் போடாதீர்கள், பிடி வெடிக்கும். 70 சதவீத ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்துத் துடைத்து, கொஞ்ச நேரம் ஈரமாகவே விட்டு, பிறகு உலர்த்துங்கள்.

பதம்: இதை முதலில் பணம் கொடுத்து வாங்குங்கள்

புதுக் கத்தி பெட்டியிலிருந்து வரும்போதே முகத்துக்குத் தயார் என்று நம்பிவிடக்கூடாது. தொழிற்சாலைக் கூர் பல நேரம் பாதி வேலைதான். விற்பவரிடம் "கல்லில் தீட்டி, தோலில் தீட்டி, முடியில் சோதித்து அனுப்புகிறீர்களா?" என்று கேளுங்கள். இல்லையென்றால் சவரக்கத்தி தீட்டத் தெரிந்த ஒருவருக்கு அனுப்பித் தீட்டி வாங்குங்கள். முதல் கத்தியை முதல் மாதமே தானே கல்லில் தீட்டிப் பார்க்கிறவருக்கு, சவரம் சரியாக வராதபோது கையில் தப்பா கத்தியில் தப்பா என்று கடைசிவரை தெரியாது.

தெருவில் சக்கரம் சுழற்றிச் சாணை பிடிக்க வருகிறவரிடம் அரிவாளைக் கொடுக்கலாம், கத்தரிக்கோலைக் கொடுக்கலாம். சவரக்கத்தியைக் கொடுக்கக்கூடாது. இவ்வளவு மெல்லிய வாய் சக்கரத்தில் பட்ட நொடியில் சூடேறிவிடும். சுமார் 200 டிகிரியைத் தாண்டினால் எஃகின் பதம் இறங்கத் தொடங்கும், 300 டிகிரியை நெருங்கினால் அந்த இடம் நீலம் பாய்ந்து மென்மையாகிவிடும். பிறகு எவ்வளவு தீட்டினாலும் கூர் நிற்காது.

சவரக்கத்தியைத் தீட்டும் கோணத்தை நாம் தீர்மானிப்பதில்லை, கத்தியே தீர்மானிக்கிறது. முதுகையும் வாயையும் ஒரே நேரத்தில் கல்லில் படுக்கவைத்தால் அந்தக் கோணம் தானாக அமைந்துவிடும். 16 மில்லிமீட்டர் அகலம், நாலரை மில்லிமீட்டர் முதுகு என்றால் இரண்டு பக்கமும் சேர்த்து ஏறக்குறைய 16 டிகிரி. முதுகு அளவாகத் தேய்ந்திருக்க வேண்டும் என்று மேலே சொன்னது இதற்காகத்தான். கல் வரிசை பொதுவாக 1000, 4000, 8000, 12000; எண் கூடக் கூடக் கல் நைசாகும். இதில் 1000 என்பது வாயில் பல் விழுந்ததற்கோ முற்றிலும் மழுங்கியதற்கோ மட்டும். ஒழுங்காகப் பயன்படுத்தும் கத்திக்கு மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை 12000 கல்லில் சில இழுப்பு போதும்.

தோல்வார்

கல்லை ஒத்திப்போடலாம், தோல்வாரை ஒத்திப்போட முடியாது. ஒவ்வொரு சவரத்துக்கு முன்பும் கத்தி தோலில் ஏறி இறங்க வேண்டும். ஒரு சவரத்தில் கத்தியின் வாய் கண்ணுக்குத் தெரியாத அளவில் அங்கங்கே சாய்ந்து போகிறது, நுண்ணிய துருவும் படிகிறது. தோல் அதை நேராக்கி மெருகிடுகிறது.

அகலம் இரண்டரை முதல் மூன்று அங்குலம், ஒரு பக்கம் தோல், ஒரு பக்கம் கனத்த துணி என்று தொங்கவிடும் வார் வாங்குங்கள். முதல் வார் மலிவானதாக இருக்கட்டும், அதை நீங்கள் எப்படியும் வெட்டத்தான் போகிறீர்கள். வளையத்தைச் சன்னல் கம்பியில் மாட்டி, மறுமுனையை இடது கையால் விறைப்பாக இழுத்துப் பிடியுங்கள். தொய்ந்தால் தோல் வாயைச் சுற்றி வளைந்து கூரை உருட்டிவிடும்.

கத்தியைக் குதிப்பக்கத் தண்டில் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிடியுங்கள். முதுகும் வாயும் இரண்டும் தோலில் படவேண்டும். முதுகு முன்னே போக, வாய் பின்னால் இழுபட்டு வரவேண்டும். முனைக்கு வந்ததும் நிறுத்தி, முதுகைத் தோலிலிருந்து எடுக்காமல், பென்சிலை உருட்டுவது போல விரலாலேயே கத்தியைப் புரட்டுங்கள். வாய் மேலே எழுந்து மறுபக்கம் படுக்கும். இப்போது முதுகு முன்னே போக உங்களை நோக்கி வரலாம். போய் வந்தால் ஒரு சுற்று. துணியில் 20, 30 சுற்று, தோலில் 50, 60 சுற்று. வார் அலகைவிடக் குறுகலாக இருந்தால் குதியில் தொடங்கி நுனியில் முடியும்படி சாய்வாக இழுக்க வேண்டும்.

வேகம் இங்கே தேவையே இல்லை. வேடிக்கை காட்டுகிறவர்கள் 'பட் பட்' என்று அடிப்பார்கள், முப்பது வருடம் செய்த கை அது. புதிதாகச் செய்பவர் ஒரு பக்கத்துக்கு இரண்டு நொடி எடுத்துக்கொள்ளுங்கள். மணிக்கட்டைத் திருப்பினால் முதுகு தோலிலிருந்து எழும்பும். எழும்பிய அந்த ஒரு நொடியில் முந்தைய ஐம்பது சுற்றும் வீண். முதல் இரண்டு நாள் வெண்ணெய் தடவும் கத்தியை வைத்துப் புரட்டும் பழக்கத்தைக் கொண்டுவாருங்கள். வாரில் எண்ணெய் ஊற்ற வேண்டாம், உள்ளங்கையால் அழுத்தித் தேய்த்துவிட்டாலே போதும். கூரை மெருகேற்றும் பச்சை நிறக் குரோமியம் ஆக்சைடு பசை தடவுவதானால் அதற்குத் தனி வார் வைத்துக்கொள்ளுங்கள். அன்றாட வாரில் தடவினால் தினமும் தேய்த்துத் தேய்த்துக் கூர் முறுகிப் போகும்.

பதம் பார்க்க விரலைக் குறுக்கே இழுக்காதீர்கள். முன்கை முடிமேல், தோலைத் தொடாமல் கால் அங்குலம் மேலே கத்தியை ஓட்டுங்கள். முடி நுனிகள் சத்தமில்லாமல் உதிர்ந்தால் முகத்துக்குப் போகலாம். முடி சாய்ந்து கொடுத்தால் மறுபடி வாருக்கு.

நுரை

இரண்டு நாள் தாடி இருக்கும்போது பழகுவது சுலபம். ஒரு வாரத் தாடி என்றால் டிரிம்மரில் குறைத்துவிடுங்கள். குளித்து முடித்த கையோடு செய்யுங்கள். இரண்டு மூன்று நிமிடம் வெந்நீரில் ஊறிய முடி தண்ணீரைக் குடித்து இளகி நிற்கும், காய்ந்த முடி கம்பி போல முரண்டு பிடிக்கும்.

டப்பாவை அமுக்கினால் பொங்கி வரும் நுரை இதற்கு ஆகாது. அதில் காற்றுதான் அதிகம், வழுக்கல் குறைவு. பிரஷும் சோப்பும், அல்லது டியூப் கிரீமும் வேண்டும். பிரஷை நனைத்து உதறி, சோப்பில் அரை நிமிடம் சுழற்றி, பிறகு கன்னத்திலோ கிண்ணத்திலோ சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் சேர்த்து அடியுங்கள். கடைந்த ஆடைத்தயிர் பதம், மேலே பளபளப்பு, குமிழி கண்ணுக்குத் தெரியக்கூடாது. பஞ்சு போல நின்றால் தண்ணீர் போதவில்லை, வழிந்தால் சோப்பு போதவில்லை. போர் தண்ணீர் உப்பாக இருக்கும் வீட்டில் எந்த விலை சோப்பும் நுரைக்காது, கால்சியத்தோடு சேர்ந்து வெள்ளைத் திட்டாகப் படியும். ஒரு டம்ளர் ஆர்.ஓ. தண்ணீரை எடுத்து வைத்துக்கொண்டால் அந்தப் பிரச்சினை தீர்ந்தது.

பிடியும் கோணமும்

தண்டின் அடியில் கட்டைவிரல், மேலே மூன்று விரல், வாலின் வளைவில் சுண்டுவிரல். பிடி அலகோடு நேர்கோட்டில் இல்லாமல் பின்பக்கம் மடங்கி மேலே எழுந்து நிற்கும். இறுக்கிப் பிடிக்காதீர்கள், பேனாவைப் பிடிக்கிற அளவு போதும்.

கோணத்துக்கு மனதில் டிகிரி போட வேண்டியதில்லை. அலகைத் தோலில் படுக்கவையுங்கள். அங்கிருந்து முதுகை மட்டும் அதன் தடிமன் அளவுக்குத் தூக்குங்கள். ஒன்றரை மடங்கு வரை போகலாம். அது 30 டிகிரிக்கு உட்பட்டே இருக்கும். அதைவிடப் படுத்தால் முடியைப் பிடுங்கும். அதைவிட எழுந்தால் சுரண்டும், பிறகு வெட்டும். கார்ட்ரிட்ஜில் கோணம் ரேசருக்குள்ளேயே இருந்தது, நீங்கள் செய்ததெல்லாம் அழுத்தி இழுப்பதுதான். அந்தப் பழக்கம்தான் இங்கே பெரிய எதிரி. கத்தியின் எடையே வெட்டட்டும்.

ஒரே ஒரு அசைவை மட்டும் எப்போதும் செய்யாதீர்கள்: வாயின் நீளவாக்கில், தக்காளி நறுக்குவது போல, பக்கவாட்டில் இழுப்பது. நேராக இறங்கும் கத்தி தோலைச் சுரண்டும், நீளவாக்கில் நகரும் கத்தி தோலைப் பிளக்கும். ஆழமான காயங்கள் பெரும்பாலும் இதில்தான் வருகின்றன. கவனமாகச் சவரம் செய்யும்போது வருவதைவிட, தும்மல், போன் மணி, யாரோ கதவைத் தட்டுவது என்று கை திடுக்கிடும்போதே வருகின்றன. போனை வெளியே வைத்துவிட்டுக் கதவைத் தாழிட்டுக்கொள்ளுங்கள். கத்தி கைநழுவினால் பிடிக்கப் போகாதீர்கள், காலை நகர்த்திக்கொண்டு விழ விட்டுவிடுங்கள்.

இன்னொரு கை

கத்தி பிடிக்காத கைதான் பாதிச் சவரத்தைச் செய்கிறது. தளர்ந்த தோலில் கத்தி வந்தால் தோல் அதற்கு முன்னால் அலை போல எழும்பும், அலையின் தலை வெட்டுப்படும். முரசுத்தோல் போல இழுத்த இடத்தில் வெட்டிக்கொள்ளவே மெனக்கெட வேண்டும். விரல் சோப்பில் வழுக்கும் என்பதுதான் தொல்லை. விரல் நுனியைத் துடைத்துவிட்டுப் படிகாரக்கல்லில் ஒருமுறை தேய்த்துக்கொள்ளுங்கள், தோல் ஒட்டிக்கொண்டது போல நிற்கும்.

வலது கன்னத்தை எடுத்துக்கொள்வோம். இடது கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுவந்து, கிருதாவுக்கு மேலே இரண்டு விரலை வைத்துத் தோலை நெற்றிப்பொட்டை நோக்கி இழுங்கள். கத்தியைக் கிருதாவின் கீழ்க்கோட்டில் படுக்கவைத்து, முதுகைத் தூக்கி, ஒரு அங்குலம் இறக்கி, நிறுத்துங்கள். காது கேட்கட்டும். காய்ந்த வைக்கோலை மிதித்தது போல 'சரசர' என்று சத்தம் வந்தால் சரி. சத்தம் வராமல் நுரை மட்டும் போனால் கோணம் படுத்திருக்கிறது, இல்லை கத்தி மொண்ணை. விட்ட இடத்திலிருந்து அரை அங்குலம் மேலே தொடங்கி அடுத்த அங்குலம் இறக்குங்கள். தாடை எலும்பு வருவதற்கு ஒரு விரல்கடை முன்பு நிறுத்துங்கள். இன்றைக்கு அவ்வளவுதான். மீதி முகத்தைப் பழைய ரேசரில் முடியுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை.

இடது கன்னத்துக்கு இடது கையில் கத்தியை மாற்றுங்கள் என்பதே என் கட்சி. வலது கையாலேயே முகத்தின் குறுக்கே வந்து செய்யலாம், செய்கிறார்கள். ஆனால் அப்போது கையே கண்ணாடியை மறைக்கும். முதல் நாளிலிருந்தே மாற்றிப் பழகினால் இரண்டு கையும் ஒரே அளவு அசட்டுத்தனத்தோடு தொடங்கிச் சேர்ந்தே தேறும்.

இரண்டாவது வாரம் தாடையும் கழுத்தும். தாடை எலும்பின்மேல் கத்தியை வளைக்காதீர்கள். கன்னத்தை மேலே இழுத்தால் தாடைக்கு அடியில் இருந்த தோல் எலும்பைத் தாண்டி மேலே வந்துவிடும், சமதளத்தில் வெட்டிக்கொள்ளலாம். கழுத்தில் முடி எல்லாம் கீழ்நோக்கி வளர்வதில்லை. பலருக்கு ஒரு பக்கம் சுழி, ஒரு பக்கம் மேல்நோக்கு. தாடி வளர்ந்த நாளில் விரலால் நான்கு திசையும் தடவிப் பாருங்கள், எந்தப் பக்கம் வழவழவென்று போகிறதோ அதுவே முடியின் வாட்டம். ஒரு தாளில் வரைந்து கண்ணாடியில் ஒட்டிக்கொண்டாலும் தப்பில்லை. குரல்வளை மேட்டின்மேல் சவரம் செய்ய வேண்டாம், தோலைப் பக்கவாட்டில் நகர்த்தி மேட்டை விட்டு இறக்கிச் செய்யுங்கள்.

மூன்றாவது வாரம் மேலுதடும் மோவாயும். மூக்கு நுனியை மேலே தூக்கி, மேலுதட்டைப் பல்லின்மேல் கீழ்நோக்கி இழுத்துக்கொள்ளுங்கள். முதுகு தோலை ஏறக்குறைய தொட்டபடி, கால் அங்குலம் கால் அங்குலமாக இறக்குங்கள். இங்கே முடி அடர்த்தி அதிகம், கத்தி தயங்கும். தயங்கினால் அழுத்தாமல் எடுத்துவிட்டு மறுபடி வையுங்கள். கத்தியின் நுனி மூக்குத் துவாரத்துக்குள் போய்விடாமல் கண் அதிலேயே இருக்கட்டும். மோவாய்க்குக் கீழுதட்டை உள்ளே மடித்துக்கொண்டால் குழி நிமிரும். உருண்டையான மோவாயில் கத்தியின் நடுப்பகுதியை மட்டும் பயன்படுத்துங்கள். இந்த இரண்டு இடமும் கடைசிவரை கடினம்தான். நன்றாகப் பழகியவர்களிலும் சிலர் மோவாய்க்கு மட்டும் பழைய ரேசரை எடுப்பதுண்டு.

முதல் மாதம் வாட்டத்திலேயே ஒரு தடவை, அதோடு நிறுத்துங்கள். பிறகு மறுபடி நுரை போட்டுக் குறுக்கே ஒரு தடவை. எதிர் வாட்டம் இரண்டு மாதம் கழித்து, அதுவும் கன்னத்தில் மட்டும். சுருட்டை முடி உள்ளவர்களுக்கு எதிர் வாட்டம் வேண்டவே வேண்டாம். தோல் மட்டத்துக்குக் கீழே வெட்டுப்பட்ட முடி வளைந்து உள்ளேயே முளைத்துக் கழுத்தெல்லாம் கொப்புளமாகும்.

கோளாறுகளின் காரணம்

புள்ளிப் புள்ளியாக ரத்தம் துளிர்த்தால் அழுத்தம் அதிகம், அல்லது ஒரே இடத்தில் நுரையில்லாமல் திரும்பத் திரும்பப் போயிருக்கிறீர்கள். கழுத்தில் மட்டும் எரிச்சல் என்றால் முடியின் வாட்டத்தைத் தப்பாகக் கணித்திருக்கிறீர்கள். ஒரு கன்னம் நன்றாக வந்து மறுகன்னம் பிடுங்கினால் கத்தியைக் குறை சொல்ல வேண்டாம், அந்தக் கையின் கோணம்தான். இரண்டு கன்னமும் பிடுங்கினால் கத்தி. போன வாரம் நன்றாக இருந்த கத்தி திடீரென்று பிடுங்கினால் வாரில் முதுகு எழும்பியிருக்கிறது, அல்லது கழுவும்போது வாய் குழாயில் இடித்திருக்கிறது. வெளிச்சத்துக்கு நேரே வாயை மேல்நோக்கிப் பிடித்துப் பாருங்கள். நல்ல கூர் வெளிச்சத்தைத் திருப்பித் தராது, மின்னும் புள்ளி இருந்தால் அங்கே பல் விழுந்திருக்கிறது. அதற்கு வார் போதாது, கல்தான். மூடும்போது வாய் பிடியின் தகட்டில் உரசுவதும் இதே சேதத்தைச் செய்யும். பிடி வளைந்திருக்கிறதா, ஆணி தளர்ந்திருக்கிறதா என்று அடிக்கடி பாருங்கள்.

சின்னக் கீறலுக்குக் குளிர்ந்த தண்ணீரும் ஈரப் படிகாரமும் போதும். ஆழமாகப் பட்டால் சுத்தமான துணியால் பத்து நிமிடம் விடாமல் அழுத்துங்கள், நடுவில் திறந்து திறந்து பார்த்தால் நிற்காது. வாய் பிளந்த காயம் என்றால் தையல் போட மருத்துவரிடம் போக வேண்டும், தடுப்பூசி போட்டு நாளானவர் அங்கேயே டெட்டனஸ் ஊசியும் கேளுங்கள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள், கை நடுக்கம் உள்ளவர்கள், முகத்தில் பருவோ தழும்பு தடிக்கும் தன்மையோ உள்ளவர்கள் இதில் இறங்காமல் இருப்பது நல்லது.

முடித்தபின்

கத்தியை ஓடும் தண்ணீரில் அலசுங்கள், ஆணிப்பக்கம் தண்ணீர் போகாமல். முதுகிலிருந்து வாயை நோக்கிக் காகிதத்தால் துடையுங்கள், எதிர்த்திசையில் துடைத்தால் விரல் போகும். துணி வாரில் பத்து சுற்று இழுத்தால் மிச்ச ஈரமும் வாங்கிவிடும். அரை மணி நேரம் திறந்தே வைத்து உலர்த்திய பிறகு மூடுங்கள். குளியலறை அலமாரி இதற்கு உலகத்திலேயே மோசமான இடம். படுக்கையறையில், பிள்ளைகள் கைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். மாத்திரைப் புட்டியில் வரும் ஈரமுறிஞ்சிப் பொட்டலம் ஒன்றைப் பெட்டிக்குள் போடலாம்.

நாலு நாள் தொடமாட்டேன் என்று தெரிந்தால் எண்ணெய் பூசுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம், குளிரில் உறையும், நாளடைவில் சிக்குப்பிடித்துப் பிசின் போல ஒட்டும். தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு, விரலால் அல்ல, டிஷ்யூவால், அலகு முழுக்கத் தடவுங்கள். ஊருக்குப் போகும்போது விமானத்தில் கைப்பையில் வைக்க விடமாட்டார்கள், பெட்டியில் போட்டுச் சரக்கோடு அனுப்ப வேண்டும். பெரும்பாலானோர் அந்த ஒரு வாரத்துக்குப் பழைய ரேசரையே எடுத்துப் போகிறார்கள். திரும்பி வந்ததும் எண்ணெயைச் சோப்புத் தண்ணீரில் கழுவி, நன்றாகத் துடைத்து உலர்த்தி, பிறகே தோல்வாருக்குப் போங்கள். எண்ணெயோடு இழுத்தால் வாரும் பாழ்.